குப்பை, கிடங்கு, கிணறு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம், மாதர் சங்கக் கூட்டம், சந்தைக் கடை வாசல், செத்தவீட்டுப் பந்தல் என்று எங்கே குப்பைப் பேச்சு வந்தாலும் வருகிற சந்தேகங்கள் ஒன்றுதான். கிளிநொச்சியில் கேட்டதையே செட்டிகுளத்திலும் கேட்கிறார்கள். அதனால் பதில்களை எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. மேலிருந்து வாசித்து வந்தால் பின்னால் உள்ளவை இலகுவாக விளங்கும்.

குப்பை எண்டா உக்கிப் போறதுதானே, அதுக்கேன் இவ்வளவு கதை?

உக்கும். ஆனால் காற்றுப் பட்டால்தான் ஒழுங்காக உக்கும். மரக்கறித் தோலும் மிஞ்சிய சோறும் மரத்தடியில் பரவிக் கிடந்தால் கொஞ்ச நாளில் மண்ணோடு மண்ணாகிவிடும். அதையே சொப்பிங் பையில் கட்டி, ஆளுயரக் குவியலின் அடியில் போட்டால் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் பக்டீரியாக்கள் வேலையைக் கையில் எடுக்கும். அப்போது மணம் வரும், புளித்த அமில நீர் வரும், மெதேன் வாயு வரும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. குப்பை மேடுகளில் ஒருவரும் கொளுத்தாமலே புகை வருவதற்கும் உள்ளே நடக்கும் இந்த உக்கலின் சூடும் வாயுவும் காரணமாகலாம்.

இலங்கையில் வீட்டுக் குப்பையின் நிறையில் பாதிக்கு மேல் இப்படியான ஈரக் குப்பைதான். பொலித்தீன் கண்ணில் படும், ஈரக் குப்பை படாது. ஆனால் மணம், இலையான், யானை, கிணற்றுத் தண்ணீர் என்று கீழே வரப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசிக்கு மூலம் ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் ஒரே பையில் சேர்வதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பிரதேச சபை உழவு இயந்திரத்தில ஏத்திக்கொண்டு போற குப்பை கடைசியா எங்க போகுது?

பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு காணிக்கு. வவுனியா நகரக் குப்பை பல ஆண்டுகளாகப் பம்பைமடுவில் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. மற்றச் சபைகளுக்கும் காட்டோரமாக ஏதாவது ஓர் இடம் இருக்கும். சில சபைகள் அதிலேயே பசளை செய்கின்றன, சில தரம் பிரித்து விற்கின்றன. மிச்சம் திறந்த வெளியில் குவிகிறது.

இப்படிக் குவிப்பதை முறையான நிரப்பிடம் என்று நினைக்கக் கூடாது. முறையான நிரப்பிடத்தில் அடியில் களியை இறுக்கி, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போடுவார்கள். கசிகிற நீரைக் குழாய் வைத்து எடுத்துச் சுத்திகரிப்பார்கள். அன்றன்று கொட்டியதை அன்றன்றே மண்ணால் மூடுவார்கள். கம்பஹா மாவட்டத்துத் தொம்பேயில் கொரிய உதவியோடு கட்டியது அப்படிப்பட்டது. திறந்த மேட்டில் இவை ஒன்றும் இல்லை. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லயில் கண்டோம். மேடு சரிந்து வீடுகள் புதைந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வன்னியில் அவ்வளவு உயரமான மேடு இல்லை. இங்கே ஆபத்து மேலிருந்து சரிவதல்ல, கீழே இறங்குவது.

கீழ இறங்கினா மண் வடிகட்டிடும்தானே சேர்?

கொஞ்சம் வடிகட்டும், எல்லாவற்றையும் அல்ல. மாரி மழை குப்பைக் குவியலுக்குள் இறங்கி அடியால் வரும்போது பிளேன்ரீ நிறத்தில் இருக்கும். மேலே எண்ணெய்ப் படை மினுங்கும். அந்தக் கசிவு நீரில் அமோனியா, உப்புகள், கிருமிகள் இருக்கும். குப்பையில் பற்றறி, பெயின்ற் பேணி, பல்ப் கலந்திருந்தால் ஈயம், கட்மியம், இரசம் (பாதரசம்) போன்ற உலோகங்களும் இருக்கலாம். கிருமிகளை மண் ஓரளவு பிடித்துக்கொள்ளும். அமோனியாவிலிருந்து மண்ணில் உருவாகும் நைத்திரேற்றும் உப்பும் தண்ணீரோடு தண்ணீராக ஓடும்.

வன்னி நிலம் ஒரே மாதிரியானதல்ல. வவுனியா, கிளிநொச்சியின் தெற்கு, முல்லைத்தீவின் உட்பகுதி எல்லாம் கருங்கல் நிலம். மேலே சில மீற்றருக்கு உக்கிய பாறை. நாங்கள் கிணறு வெட்டித் தண்ணீர் எடுப்பது அந்தப் படையிலும் அதன் கீழுள்ள பாறை வெடிப்புகளிலும்தான். படை மெல்லியது, அதனால் கெடுவதும் கெதி. மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை போகும் சுண்ணக்கல் பட்டையில் வெடிப்புகளூடாகத் தண்ணீர் வடிபடாமலே ஓடும். கரையோர மணலிலோ ஊற்றினால் ஊற்றின நேரத்தில் உள்ளே போய்விடும். எங்கேயென்றாலும் குடிக்கிற தண்ணீர் காலடியில்தான் இருக்கிறது.

இதோடு குளங்களையும் சேருங்கள். கனகராயன் ஆறு போகிற வழியில் கரையோரம் கொட்டியதெல்லாம் மாரியில் இரணைமடுவுக்குத்தான் போகும். கோடையில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால் குப்பை போட வசதியாகத் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று வயல்காரரைக் கேளுங்கள்.

அப்ப எரிச்சுவிட்டா என்ன பிழை? சாம்பல் பசளைதானே?

சருகும் விறகும் எரிந்த சாம்பல் பசளைதான். பொலித்தீன், பிளாஸ்டிக், ரப்பர் கலந்து எரித்த சாம்பல் அப்படியல்ல. முற்றத்து நெருப்பு அவ்வளவு சூடானதல்ல, அதில் பிளாஸ்டிக் முழுதாக எரியாது. குறிப்பாகப் பீ.வி.சீ. குழாய், வயர் உறை போன்றவை எரியும்போது டையொக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது மண்ணிலும் புல்லிலும் படிந்து, அதை மேயும் மாட்டின் கொழுப்பிலும் பாலிலும் சேரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் புகை அன்றைக்கே காட்டிவிடும், மற்றது ஆறுதலாகக் காட்டும். பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்ரெம்பர் முதல் சட்டப்படியும் தடை.

வன்னியில் எரிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009க்குப் பிறகு எவ்வளவோ கண்ணிவெடிகளை அகற்றினாலும், வெடிக்காத பொருட்கள் இன்னும் மண்ணுக்குள்ளும் பற்றைக்குள்ளும் கிடக்கின்றன. வளவு துப்புரவாக்கிக் கூட்டிக் குவித்த குப்பைக்கு நெருப்பு வைத்தபோது வெடித்துக் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் துப்புரவாக்கிய காணியில், நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வளவில், பழைய பதுங்குகுழி மேட்டில் நெருப்பு மூட்டவே வேண்டாம். சந்தேகமான எதையும் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119க்கு அழையுங்கள், இல்லாவிட்டால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பழைய இரும்புக்கு விலை போகும் என்று கழற்றிப் பார்ப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எங்கட வளவுக்குள்ளயே கிடங்கு வெட்டித் தாட்டா ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லையே?

எதைத் தாட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஈரக் குப்பை மட்டும் என்றால் நல்லது, அதற்குத்தான் எங்கள் பெரியவர்கள் குப்பைக் கிடங்கு வைத்திருந்தார்கள். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாக வெட்டுங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே விடச் சொல்வதும் இதே தூரம்தான். ஆழம் வேண்டாம், இடுப்பளவுக்குக் குறைவாகவே போதும். மாரியில் கிணற்றுத் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதோ, கிடங்கின் அடி அதற்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் கார்த்திகையில் கிடங்கு தானே ஒரு கிணறாகிவிடும், பக்கத்துக் கிணற்றோடு கதைக்கவும் தொடங்கிவிடும்.

பொலித்தீன், பற்றறி, மருந்து, கிருமிநாசினிப் போத்தல் ஒன்றும் கிடங்குக்குள் போகக் கூடாது. பொலித்தீன் உக்காது என்பது மட்டுமல்ல, படையாகக் கிடந்து தண்ணீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கும். பத்து வருடம் கழித்துத் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டுகிறவருக்கு அது விளங்கும்.

பிரிச்சுக் குடுத்தாலும் அவங்கள் எல்லாத்தையும் ஒண்டாத்தானே பெட்டிக்குள்ள கொட்டுறாங்கள்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். கோபம் நியாயமானது. தரம் பிரித்த குப்பையை மட்டுமே ஏற்பது என்று 2016 நவம்பர் 1 முதல் நாடு முழுவதும் அறிவித்தார்கள். உக்குவது பச்சை, கடதாசி நீலம், கண்ணாடி சிவப்பு, பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் செம்மஞ்சள், உலோகம் கபிலம் என்று நிறமும் கொடுத்தார்கள். நிறப் பெட்டிகள் பாடசாலைகளிலும் அலுவலக வாசல்களிலும் அழகாக நிற்கின்றன. ஏற்ற வருவது ஒரே ஒரு பெட்டி பூட்டிய உழவு இயந்திரம்.

இதற்குச் சபையிடம் கேட்க வேண்டியது மிகச் சாதாரணமான ஒன்று: திங்கள் ஈரக் குப்பை, வியாழன் உலர்ந்தது என்று நாளைப் பிரியுங்கள். புது வாகனம் வேண்டாம், புது ஆட்கள் வேண்டாம். நாடு முழுவதும் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 7,000 தொன் குப்பை சேர்வதாக மதிப்பிடுகிறார்கள். அதில் பாதியளவைத்தான் உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்றுகின்றன. உள்ளூர் ஒழுங்கைகளுக்குள் அந்த வாகனம் வருவதே இல்லை என்பதும் தெரியும்.

அவர்கள் கலந்தாலும் நீங்கள் பிரிப்பது வீண் அல்ல. ஈரக் குப்பை உங்கள் வளவிலேயே நின்றுவிட்டால், போகிற பையில் கலக்க ஒன்றும் இருக்காது. உலர்ந்த குப்பை மட்டும் போகும் மேட்டில் மணம் இல்லை, கசிவு நீரும் மிகக் குறைவு. போத்தல், பேணி, கடதாசி அழுக்குப் படாமல் இருந்தால் போத்தல்காரர் காசு தருவார். மீன்தண்ணீர் பட்ட கடதாசியை அவரும் எடுக்க மாட்டார்.

பசளை செய்யப்போனா மணக்கும், எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். ஆர் பாக்கிறது?

மணத்தால் உங்கள் குவியல் சொல்வது ஒன்றுதான்: ஈரம் கூடிவிட்டது, காற்றுப் போதவில்லை. ஒரு பங்கு சமையலறைக் குப்பை போட்டால் இரண்டு பங்கு சருகு, வைக்கோல், கருகிய உமி என்று உலர்ந்ததைப் போட்டு மூடுங்கள். வன்னியில் சருகுக்கும் வைக்கோலுக்கும் பஞ்சமா? ஒரு பிடி சாணம் கரைத்த தண்ணீர் தெளித்தால் கெதியாகச் சூடேறும். நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுவே 55 பாகை செல்சியசுக்கு மேல் போகும், கையை வைத்தால் எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூட்டில் புல் விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் போதும்.

மீன் செதில், இறைச்சிக் கழிவு, எண்ணெய்ச் சோறு ஆகியவைதான் எலியையும் நாயையும் கூப்பிடுபவை. அவற்றைத் தனியாக வாழையடியில் முழங்கை ஆழத்தில் தாளுங்கள். பாம்பு குவியலுக்கு வருவது உண்மை. சிரட்டையும் தகரமும் அடுக்கி வைத்த மூலைக்கு அதைவிட விருப்பமாக வரும். அந்தச் சிரட்டையில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பும் வளர்கிறது. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும் என்பதால் மார்கழி, தையில் கிழமைக்கு ஒரு தடவை சிரட்டை, யோகட் கப், டயர் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

யானை ஊருக்குள்ள வாறதுக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம்?

காட்டோரத்தில் கொட்டப்படும் சோறும் பழக்கழிவும் யானைக்குத் தேடாமல் கிடைக்கும் தீன். இலங்கையில் யானைகள் வந்து மேயும் குப்பை மேடுகள் 50க்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருமுறை ருசி கண்ட யானை மேட்டைச் சுற்றியே நிற்கும். குப்பை வராத நாளில் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குப் போகும். அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டில் 2022 தொடக்கத்துக்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்தன.

மேட்டருகே கிடக்கும் இலத்தியை ஒரு தடியால் கிளறிப் பாருங்கள். நாருக்குள் லஞ்ச் சீற் துண்டுகள் சுருண்டு கிடக்கும், பிஸ்கற் உறையில் அச்சடித்த எழுத்து அப்படியே வாசிக்கக்கூடியதாக இருக்கும். யானையால் வெளியே தள்ள முடிந்தது அது. மாட்டுக்கு அதுவும் கஷ்டம். கட்டாக்காலியாகத் திரியும் எங்கள் மாடுகள் உப்புக்கும் சோற்றுக்குமாகப் பையோடு விழுங்குவது முதல் இரைப்பையில் உருண்டையாகி நின்றுவிடும். வயிறு நிறைந்திருக்கும், மாடு மெலியும். சோற்றைப் பையில் கட்டாமல் விட்டாலே இதில் பாதி தீர்ந்தது.

சொப்பிங் பாக் தடை எண்டு எப்பவோ சொன்னவங்கள். கடையில குடுக்கிறாங்களே?

பல கட்டமாக வந்த தடைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி. 20 மைக்ரோனும் அதற்கு மெல்லியதுமான பொலித்தீன் 2007இலேயே தடை. லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்ரெம்பரில் தடை. உணவும் மருந்தும் அல்லாத 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சிறு சாஷே பக்கற்றுகள் 2021 மார்ச் 31இல். ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, பிளாஸ்டிக் பூமாலை, இடியப்பத் தட்டு 2023 ஒக்ரோபரில். சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பர் 1இல் வந்தது.

தடித்த பை விற்பது தடையில்லை. மெல்லியது விற்கப்படுவதும் உண்மை, அதைப் பிடிக்க ஆள் வருவது அருமை. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குப் பொலித்தீன் விரிக்கும் சபைகளுக்கு நான் தாமரை இலையைக் காட்டுவது வழக்கம். குளம் நிறையக் கிடக்கிறது, பறிக்க ஆளில்லை என்பார்கள். ஆட்கள் மடத்தில் தாயம் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளையின்ர பம்பஸை என்ன செய்யிறது? இதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லுறேல்லை.

முழுத் தீர்வு ஒன்றும் இல்லாததால்தான் சொல்வதில்லை. பம்பஸ் பிளாஸ்டிக், பஞ்சு, நீரை உறிஞ்சி வைக்கும் இரசாயனக் குருணி எல்லாம் ஒட்டிய பொருள். உக்காது, எரியாது, விலை போகாது. மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, சுருட்டிக் கட்டி, சபை வாகனத்தில் கொடுப்பதுதான் இருப்பதில் நல்ல வழி. வாகனம் வராத இடத்தில் மேலே கிடங்குக் கேள்வியில் சொன்ன தூரக் கணக்கோடு தனிக் குழியில் தாட்பதைத் தவிர வழியில்லை. பிளாஸ்டிக் கிடங்குக்குள் கூடாது என்று சொன்னதற்கு இது ஒரு விலக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குக் கீழே, வாய்க்காலுக்குள் எறிவதைவிட அது எவ்வளவோ மேல்.

பகலில் வீட்டில் இருக்கும்போது துணி, இரவிலும் பயணத்திலும் பம்பஸ் என்றால் தொகை பாதியாகும். துணி தோய்க்கிற வேலை யார் தலையில் விழும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். தகப்பன்மாரும் தோய்க்கலாம்.

வயலுக்கு அடிச்ச மருந்துப் போத்தலைக் கழுவித் தண்ணி வைக்கலாமோ?

கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது உள்ளே இருக்கும். போத்தல் வெறுமையானதும் கால்வாசி தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவித் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தரம். மருந்தும் வீணாகாது. பிறகு போத்தலில் ஓட்டை போட்டுவிட்டால் வேறொருவரும் மண்ணெண்ணெய் வாங்க எடுத்துப்போக மாட்டார்கள். வாய்க்காலில் கழுவுவதும் வரம்பில் எறிவதும்தான் இப்போது நடக்கிறது. அந்த வாய்க்கால் அடுத்த வயலுக்கும் கடைசியில் குளத்துக்கும் போகிறது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒரு பீப்பாய் வைத்துச் சேர்க்கலாமே என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய பற்றறி, பல்ப், போன்?

வாகனப் பற்றறி வாங்கிய கடையே பழையதை விலைக்கு எடுக்கும். அமிலத்தை வளவில் ஊற்றி ஈயத்தை மட்டும் விற்காதீர்கள், ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும். சி.எப்.எல். பல்ப்பிலும் குழல் விளக்கிலும் துளி இரசம் உண்டு. உடையாமல் பழைய பெட்டியில் வைத்துக்கொடுங்கள். உடைந்தால் யன்னலைத் திறந்து விட்டு, விளக்குமாறால் கூட்டாமல் ஈரக் கடதாசியால் ஒற்றி எடுங்கள்.

வீட்டுத்திட்டம் வந்து பழைய கூரையைக் கழட்டினது. உடைஞ்ச அஸ்பெஸ்ரோஸ் சீற் கிடக்கு, பாதைக்குப் போட்டு மிதிக்கலாமோ?

வேண்டவே வேண்டாம். சீற் முழுதாகக் கூரையில் இருக்கும்போது ஆபத்து குறைவு. உடைத்து, வண்டில் சில்லு ஏறி நொருங்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலில் போய்த் தங்கினால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். நனைத்து, உடைக்காமல் எடுத்து, தடித்த பொலித்தீனால் சுற்றி, ஒருவரும் கிளறாத இடத்தில் ஆழத் தாளுங்கள். பொலித்தீனுக்கு நல்ல வேலை கிடைக்கும் ஓர் இடம் இது. கழற்றும்போது முகக்கவசம் கட்டுங்கள், சும்மா துணி போதாது.

அரிசி ஆலைத் தண்ணி எங்கட வாய்க்காலுக்குள்ள வருது. அதுவும் நெல்லுத் தண்ணிதானே எண்டு ஆலைக்காரர் சொல்லுறார்.

நெல்லுத் தண்ணீர்தான், ஆனால் சும்மா தண்ணீர் அல்ல. புழுங்கலுக்கு நெல் ஊறப்போட்ட தொட்டியை மாற்றும்போது பாருங்கள்: மஞ்சள் நிறம், மேலே நுரை, புளித்த மணம். அதில் கரைந்த மாப்பொருளையும் சீனியையும் தின்னப் பக்டீரியாக்கள் பெருகித் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை முடித்துவிடும். வாய்க்கால் கறுக்கும், மீன் செத்து மிதக்கும். முதல் கேள்வியில் சொன்ன அதே காற்றில்லாத உக்கல், இம்முறை தண்ணீருக்குள். தொட்டிகளில் தேக்கிக் காற்றூட்டி விட்டால் திருத்தக்கூடிய தண்ணீர்தான் இது, இரசாயன ஆலைக் கழிவுபோலத் தீராத நஞ்சு அல்ல. அதனால்தான் ஆலைக்காரருக்குச் சாட்டு இல்லை என்கிறேன்.

100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி வரும். அதை எரித்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. காற்றில் பறந்து அயல் வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் படிவதைவிட, செங்கல் சூளைக்கோ பசளைக் குவியலுக்கோ போவது நல்லது. இப்படிப்பட்ட தொழிலுக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். சின்னத் தொழில்களுக்கு உள்ளூராட்சி சபையும், பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும் கொடுக்கும். உரிமத்தைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும், நிபந்தனையை மீறினால் இரத்துச் செய்யலாம். வாகனம் கழுவும் இடம், கராஜ், கல் உடைக்கும் ஆலை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கடற்கரையில நாங்கள் போடாத குப்பையும் கிடக்கே, அதுக்கு என்ன செய்ய?

உண்மைதான். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் குருணி கரைகளை நிறைத்தது. 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3இன் குருணி அடுத்த மாதமே மன்னார்க் கரையில் ஒதுங்கியது. அதற்கு அரசுதான் நட்டஈடு கேட்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் கிடக்கும் அறுந்த நைலோன் வலையும் ரெஜிபோம் பெட்டித் துண்டும் எங்களுடையவை.

கிணத்துத் தண்ணி குப்பையால கெட்டதோ எண்டு எப்பிடித் தெரியும்? காய்ச்சிக் குடிச்சாச் சரிதானே?

காய்ச்சினால் கிருமி சாகும். நைத்திரேற், உப்பு, உலோகம் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். நாக்கையும் நம்ப வேண்டாம், நைத்திரேற்றுக்குச் சுவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தை நீலம் பாரிக்கலாம்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். போத்தல் எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். மாரி தொடங்கி முதல் பெருமழைக்குப் பிறகு ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை எடுத்தால் ஒப்பிடலாம். நைத்திரேற் கூடியிருந்தால் உடனே குப்பை மேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. யூரியாவும் மலக்குழியும் அதையே செய்யும். மேட்டுக்குக் கிட்டிய கிணற்றில் கூடவும் தூரத்துக் கிணற்றில் குறையவும் இருந்தால், அமோனியாவும் குளோரைட்டும் சேர்ந்து ஏறியிருந்தால், சந்தேகம் மேட்டின் பக்கம் திரும்பும்.

செட்டிகுளம் பக்கம் சிறுநீரக வருத்தம் வந்தது இந்தக் குப்பையாலதானோ?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. காரணம் தெரியாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் குப்பை மேடே இல்லாத கமக்கிராமங்களில்தான் அதிகம். தண்ணீரின் வன்மை, புளோரைட்டு, வேளாண் இரசாயனம், வெயிலில் நீர் குடியாமல் வேலை செய்வது என்று பலவற்றை ஆராய்கிறார்கள். எல்லாவற்றையும் குப்பைத் தலையில் கட்டினால், குப்பை உண்மையாகச் செய்யும் கேட்டைச் சொல்லும்போதும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

குப்பையில இருந்து கரண்ட் எடுக்கிறாங்களாம். வன்னிக்கும் ஒண்டு போட்டா என்ன?

கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியவில் 2021இல் திறந்த ஆலை 10 மெகாவாற் தருகிறது. அதற்கு ஒரு நாளுக்குப் பல நூறு தொன் குப்பை வேண்டும். வன்னியின் நான்கு மாவட்டங்களையும் கூட்டினாலும் அவ்வளவு சேர்க்க முடியாது, சேர்த்தாலும் ஏற்றி இறக்கும் டீசல் செலவே தின்றுவிடும். எங்கள் குப்பை ஈரம் வேறு, எரிப்பதில் கணிசமான சூடு தண்ணீரை ஆவியாக்கவே போகும். மாடு வைத்திருக்கும் வீட்டுக்குச் சாணமும் சமையல் கழிவும் போட்டு உயிர்வாயுத் தொட்டி ஒன்று கட்டுவது இந்த ஊருக்குப் பொருந்தும்.

அப்ப எங்கதான் கொட்டச் சொல்லுறியள்? எங்கட ஊர் வேண்டாம் எண்டா இன்னொரு ஊர் தலையிலதானே போகும்?

சரியான கேள்வி, கூட்டங்களில் ஆளையாள் முகம் பார்க்க வைப்பதும் இதுதான். பம்பைமடு மேட்டுக்கு எதிராகச் சாளம்பைக்குளம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் கேட்டது பிழையல்ல. நகரம் போட்ட குப்பையின் மணத்தையும் இலையானையும் மீள்குடியேறிய ஒரு கிராமம் ஏன் சுமக்க வேண்டும்? வேறு காணி தேடினால் பெரும்பகுதி வன இலாகா, வனசீவராசிகள் திணைக்களம் என்று நிற்கும். மிஞ்சுவது குளத்துப் பின்னிலம், இல்லாவிட்டால் ஏழைகளின் அயல். குளத்துக்கு மேட்டுப்பக்கம், வெள்ளம் நிற்கும் இடம், கிணறுகள் நெருங்கிய இடம், யானைப் பாதை ஆகிய நான்கையும் கழித்துவிட்டு ஒரு காணியைக் காட்டச் சொன்னால் எந்தத் தொழில்நுட்ப அலுவலரும் தலையைச் சொறிவார்.

ஒரு நாளுக்கு 100 தொன்னுக்கு மேல் கொள்ளும் நிரப்பிடத்துக்குத்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். எங்கள் சபைகளின் மேடுகள் அந்த அளவுக்குக் கீழே இருப்பதால் பொதுமக்கள் கருத்துக் கேட்காமலே தொடங்கிவிடலாம். என் நிலைப்பாடு இதுதான்: ஈரக் குப்பையை ஏற்றாத சபைக்கு மட்டுமே புதுக் காணி கொடுக்க வேண்டும். உலர்ந்த குப்பைக்குத் தேவை ஒரு கொட்டகையும் தராசும், ஏக்கர் கணக்கில் காடு அல்ல. சந்தைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் தனி ஏற்பாடு வேண்டும், ஈரக் குப்பையில் அவர்களின் பங்கு பெரியது.

சரி, எங்கட ஊரில கண்டபடி கொட்டுறாங்கள். ஆரிட்டச் சொல்லுறது?

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி வீதிக் குப்பையை அகற்றுவது சபையின் கடமை. அதனால் முதல் கடிதம் சபைச் செயலாளருக்கு. தவிசாளரிடம் வாயால் சொல்வது போதாது. பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், மாவட்டத்திலுள்ள மத்திய சுற்றாடல் அதிகார சபை அலுவலகத்துக்கும். திகதியோடு படம் எடுங்கள், வாகன இலக்கம் தெரிய எடுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை வைத்திருங்கள்.

கொட்டுவது சபையே என்றால், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: அந்தக் காணிக்கு என்ன அனுமதி, எவ்வளவு குப்பை, கசிவு நீருக்கு என்ன ஏற்பாடு. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நீதவான் கட்டளையிடலாம். ஒருவர் பெயரில் போடாமல் சங்கத்தின் பெயரில், ஏழெட்டு வீட்டுக்காரர் கையெழுத்தோடு போடுங்கள். அந்த ஏழெட்டுப் பேரில் சந்தைக் கடைக்காரர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.